குளிர்ந்தது பதினேழு

இந்தச் சுசித்ராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆள் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டரைத் திட்டுவாள். அன்றைக்கு மாட்டியது ஒரு லைப்ரரி. அலமாரியும் புத்தகமும் இருக்கிற லைப்ரரி இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் வைத்திருக்கிற சங்கதி. நோய், ஊர், ஆண்டு மூன்றையும் கொடுத்தால் நூறு வருஷத்துப் பழைய பதிவேடுகளை அட்டவணையாகக் கொண்டுவந்து கொட்டும். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள் தமிழில் எழுதியதை இயந்திரம் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பது, திருத்தணி வீட்டில் உட்கார்ந்தபடி அவள் செய்கிற வேலை.

அன்று மனசு வேலையில் ஒட்டவில்லை. நாலு வயசு மகளுக்கு அம்மை போட்டு ஐந்தாம் நாள். இவளோ ஆறு மாதக் கர்ப்பிணி, சின்ன வயசில் அம்மை வந்ததும் இல்லை. கிட்டவே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குழந்தை அம்மையார்குப்பத்தில் நாத்தனார் அனுராதாவிடம் இருந்தது. மருந்தும் நடந்தது, வேப்பிலையும் நடந்தது. நேற்றுப் பேசும்போதுகூடப் போனில் விசைத்தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் இருந்தும் அந்த வீட்டுத் தறி பகலில் நின்றது ஒரே தடவை, மாமனார் செத்த அன்றைக்கு.

குழந்தை நினைப்பில் கை தானாக அம்மையார்குப்பம் என்று தட்டியது. பெரியம்மை, 1919. ஒரு வாரத்துக்கு நேரே 'குளிர்ந்தது: 17' என்று இருந்தது. இயந்திரம் அதைச் சாவில் சேர்த்திருந்தது.

"வெளங்கிடும்" என்றாள் சுசித்ரா. அம்மை இறங்கிக் குணமானால் குளிர்ந்துவிட்டது என்பார்கள், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிழைத்த பதினேழு பேரை இது கொன்றுவைத்திருக்கிறது. பதினேழையும் பிழைத்தவர்கள் பக்கம் நகர்த்தினாள். காலையிலிருந்து முதல் தடவையாக மனசு லேசானது.

போன் சிணுங்கியது. அனுராதாவின் வாட்ஸ்அப்.

"அண்ணி, பாப்பா குளிர்ந்துட்டா."

சுசித்ரா அழுதேவிட்டாள். ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மிச்ச வேலையை முடித்துவிட்டு ஆற அமரப் பேசலாம் என்று அதே வாரத்து அடுத்த அட்டவணையை வரவழைத்தாள். இடுகாட்டுக் கணக்கு.

'புதைத்தது: 17.'

பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் குறிப்பு: 'அம்மை கண்ட வீட்டில் சாவு என்று சொல்ல ஜனங்கள் சம்மதிப்பதில்லை. ஆகையால் குளிர்ந்தது என்றே எழுதலாயிற்று.'

வயிற்றிலிருந்த பிள்ளை ஒரு தடவை புரண்டது. உடனே அனுராதாவைக் கூப்பிட்டாள்.

"ஆங், சொல்லுங்க அண்ணி."

"அனு, பாப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்குது?"

"அதான் சொன்னேனே. குளிர்ந்துட்டா."

"மூச்சு இருக்குதா?"

அனுராதா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பேச்சு இந்த ஊட்ல வேணாம் அண்ணி. அம்மன் இன்னும் இங்கதான் இருந்துகினு இருக்கா."

சுசித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அனுராதாவின் குரலுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

"அங்க கரண்ட் போயிடுச்சா அனு?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சியது அவள் குரல்.

"கரண்ட்லாம் இருக்குது அண்ணி. நீங்க கெளம்பி வாங்க."