மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்ச்

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு ஒரே விளக்கு. அதற்கு இரண்டு சுவிட்ச். படியின் கீழே ஒன்று, மேலே ஒன்று. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் எரிய வேண்டும், எதைத் தட்டினாலும் அணைய வேண்டும். எங்கள் அப்பா வீடு கட்டும்போதே யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும், மேல்தளத்தில் தம்பியும் அவன் மனைவியும். வாசல் ஒன்றுதான். தபால் பெட்டியும் ஒன்றுதான். இந்தத் தெருவில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பாத வீடு எது என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதற்கில்லை.

அந்த வீட்டிலிருந்து தம்பி ஞாயிற்றுக்கிழமை குடி பெயர்வதாக இருந்தான். லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. காரணம் அந்த விளக்கு.

கொஞ்ச நாளாகவே விளக்கு முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சில சமயம் எரியும். சில சமயம் எத்தனை முறை தட்டினாலும் எரியாது. மேலே போய்த் தட்டினால் எரிந்துவிடும். ஆகவே மேலே இருப்பவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று கீழே பேச்சு. மேலே என்ன பேச்சு என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் குடும்பத்தில் குறையை நேருக்கு நேர் சொல்லும் பழக்கம் இல்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பார்கள், கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்துவார்கள். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் எங்கள் மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது என் மனைவி மடித்த துணிகளோடு மாடிக்குப் போகப் புறப்பட்டாள். இருட்டத் தொடங்கியிருந்த நேரம். கீழ்ச் சுவிட்சை மேலும் கீழுமாகத் தட்டினாள். எரியவில்லை. பழகிய படிதானே என்று ஏறினாள், திருப்பத்தில் கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் பிசகியது. வலியில் சொன்னாளா, வெகு நாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாளா, தெரியாது. "மேல இருக்கிறவ வேணும்னே அணைச்சு வச்சிருக்கா. நான் விழணும்னுதான் காத்திட்டிருந்தா" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். மேலே தம்பி மனைவி படியின் உச்சியில் நின்றிருந்தாள். துணியைக் கைநீட்டி வாங்கிக்கொள்ள வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள்.

அடுத்த வாரமே தம்பி வேறு வீடு பார்த்துவிட்டான். என்னிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். வேலை சுத்தம். ஆனால் ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டில் ஒலிபரப்பிவிட்டுத்தான் அதற்கடுத்த வீட்டுக்குப் போவார். அவருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். வீட்டுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரேடியோவைக் கூப்பிட்டுப் படியில் ஏற்ற நான் தயாராக இல்லை. நான் பம்பு நிலையத்தில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டாரும் ஸ்டார்ட்டரும் எனக்குப் புதிதல்ல. சனிக்கிழமை மதியம், தம்பி புது வீட்டைக் கழுவிவிடப் போயிருந்தபோது, டெஸ்டரையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு நானே படிக்குப் போனேன்.

இரண்டு சுவிட்ச் உள்ள விளக்கைச் சோதிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. என் மனைவி காலில் கட்டோடு படுத்திருந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

பாதிப் படி ஏறி நின்று, கொஞ்சம் இந்தச் சுவிட்சைப் பார்க்க வேண்டும், ஒத்தாசைக்கு வர முடியுமா என்று கேட்டேன். மேலே அட்டைப்பெட்டியை ஒட்டும் டேப்பின் சத்தம் நின்றது. தம்பி மனைவி வந்தாள். நெற்றியில் தூசி.

"நான் தொட்டா விளக்கு அணைஞ்சுரும்னு பேரு, பெரியத்தான். பரவாயில்லையா?"

"பரவாயில்ல. அணையுதான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

நான் கீழே இறங்கி நின்று, சொல்லும்போது மட்டும் தட்டும்படி சொன்னேன். இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து நான்கு நிலைகள்தான் உண்டு. சரியாக இருந்தால் அதில் இரண்டு நிலைகளில் விளக்கு எரிய வேண்டும். அவள் தட்டினாள், நான் தட்டினேன், மறுபடி அவள். நான்கில் ஒன்றே ஒன்றில்தான் எரிந்தது. இன்னொரு சுற்றும் பார்த்தோம். அதே கதைதான்.

எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மேலே ஒருவர் தன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், கீழே விடிய விடியத் தட்டினாலும் எரியாது. கீழே ஒருவர் அணைத்துவிட்டுப் போனால் மேலேயும் அதே கதி. போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. எல்லோரும் ஒழுங்காக அணைத்தார்கள். ஒழுங்காக அணைத்ததால்தான் அடுத்தவருக்கு எரியவில்லை.

"மேல இருந்து நீங்க தட்டும்போதும் சில சமயம் எரியாம இருந்ததா?" என்று கேட்டேன். அவளிடம் நான் நீங்க என்று பேசுவது வழக்கமில்லை. எப்படியோ வந்துவிட்டது.

"எத்தனையோ தடவை. கீழ அக்காதான் அணைச்சு வைக்கிறாங்கன்னு உங்க தம்பிகிட்ட சொன்னேன். வாயை மூடிட்டு டார்ச்சை எடுத்துட்டுப் போன்னாரு."

அப்படியானால் மேலேயும் இதே பேச்சுதான் நடந்திருக்கிறது.

படிவிளக்கின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் கீழ்ச் சுவிட்சைத் திறந்தேன். பழைய சுவிட்ச், பழைய வயர், எல்லாம் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருந்தன. மேலே போனேன். மேல் சுவிட்ச் புதியது. முந்தையது உடைந்துபோய், மாப்பிள்ளை ஒரு விடுமுறைக்கு வந்தபோது மாற்றிக் கொடுத்தது. அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. ஆனால் கையில் கருவிப் பெட்டி இல்லாமல் மாமனார் வீட்டுக்கு வரமாட்டார். பைப்பு, பூட்டு, மிக்சி எதுவானாலும் கழற்றிப் பார்த்துவிடுவார். மாடியில் அவருக்கு ஸ்பேனர் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல் இருப்பேன்.

மூடியின் இரண்டு திருகுகளையும் கழற்றித் தம்பி மனைவியிடம் கொடுத்தேன். உள்ளே மூன்று வயர்கள். கீழ்ச் சுவிட்சிலிருந்து வரும் கறுப்பு வயர்கள் இரண்டு. விளக்குக்குப் போகும் சிவப்பு ஒன்று. சிவப்பு நடுவில் இருந்தது. எங்கள் வீட்டில் உடைந்த பொருளையும் தூக்கி எறிவதில்லை என்பதால் பழைய சுவிட்ச் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் விளக்கு வயருக்கு உரிய பொது முனை நடுவில். புதியதில் அது மேல் ஓரத்தில். பக்கத்தில் ஒரு சின்னக் குறியும் பொறித்திருந்தார்கள். கண்ணாடி போட்டால்தான் தெரியும். மாப்பிள்ளை பழைய சுவிட்சில் எந்த வயர் எங்கே இருந்ததோ அதே வரிசையில் புதியதிலும் மாட்டியிருந்தார்.

சிவப்பையும் மேல் கறுப்பையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. திருப்புளியை வைத்தேன்.

"இதுதானா?" என்றாள் தம்பி மனைவி.

இதுதான் என்றேன். பழைய வீடு, வயர் ஏதோ தளர்ந்திருந்தது, சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்றும் சொன்னேன். அவள் பழைய சுவிட்சையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"வயர் ஒண்ணும் தளரலையே. மாப்பிள்ளை மாத்தி மாட்டிட்டார்."

"அவர் ஆசையா செஞ்ச வேலை. வீட்டு மாப்பிள்ளையைப் போய் நீங்க தப்பா மாட்டிட்டீங்கன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"என்னைச் சொல்லும்போது எப்படிச் சொல்றதுன்னு யாரும் யோசிக்கல, பெரியத்தான்."

திருகுகள் அவள் உள்ளங்கையில் இருந்தன. கையை மூடிக்கொண்டாள்.

"நீங்க இப்ப மாட்டிட்டா விளக்கு எரியும். சம்பந்திங்க முன்னால போன என் பேரு எதைத் தட்டினா எரியும்? நாங்க போனப்புறம், 'அவ போனா, விளக்கும் சரியாயிடுச்சு'ன்னுதான் சொல்லுவாங்க."

அவள் சொன்னபடிதான் நடக்கும். அவள் திருகுகளோடு உள்ளே போய்விட்டாள். டேப்பின் சத்தம் மறுபடி கேட்டது. நான் வயரைத் தொடாமல், மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கினேன்.

மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். காலில் இருந்த கட்டைச் சரிசெய்தபடி, மாப்பிள்ளை பெயரை இதில் எதற்கு இழுக்க வேண்டும், பழைய வயர் என்று சொல்லி முடித்துவிடுங்கள் என்றாள். கொஞ்ச நேரத்துக்கு முன் நானே சொன்ன சொல்தான். இன்னொரு வாயிலிருந்து கேட்கும்போது அது நன்றாக இல்லை.

"மாப்பிள்ளை மரியாதையும் இந்த வீட்டு மரியாதைதான், மருமக மரியாதையும் இந்த வீட்டு மரியாதைதான்" என்று சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார், மறுநாள் சாமான் ஏற்ற ஒத்தாசைக்கு. கருவிப் பெட்டியும் வந்தது. தம்பியும் துடைப்பமும் வாளியுமாகத் திரும்பியிருந்தான். நான் எல்லோரையும் படிக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். தம்பி மனைவி மேலே நின்றாள். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு நான் ஒருநாளும் வேலை சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"மாப்பிள்ளை, நீங்க மாத்தின மேல் சுவிட்சைத் திறந்து வச்சிருக்கேன். பக்கத்துல பழசும் இருக்கு. ரெண்டையும் பார்த்து, என்ன தப்புன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. காது சிவந்துவிட்டது.

"நடு முனையில மாட்டினது தப்பு, மாமா. இதுல பொது முனை மேல இருக்கு. இப்படி மாட்டினா ஒரு பக்கம் அணைச்சா இன்னொரு பக்கம் எரியாது."

"ஆக, யாரும் வேணும்னு அணைக்கல."

"இல்ல மாமா. நான் மாட்டினதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, இந்த வீட்டுல எது எங்க இருந்ததோ அங்கயே இருக்கணும்னு. அதான் அப்படியே மாட்டினேன்" என்றார்.

"நான் சொன்னது நாற்காலியை" என்றேன்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தான். பல நாள் கழித்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்தான்.

விஷயம் அதோடு முடியவில்லை. பேச்சு சம்பந்தி வீட்டார் முன்னால் நடந்தது, ஆகவே அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றேன். மாப்பிள்ளை தயங்கவில்லை, அதை நான் அவர் கணக்கில் வரவு வைக்கிறேன். படியில் நின்றபடியே அவர் அம்மாவுக்குப் போன் போட்டு, அன்று விளக்கு எரியாததற்குக் காரணம் தான் மாட்டிய சுவிட்ச், சின்ன அத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிம்மா, இனிமே தொடலம்மா" என்று முடித்தார்.

மேலே தம்பி மனைவி கையைத் திறந்து திருகுகளை அவரிடம் கொடுத்தாள்.

"ஸ்பேனர் வேணுமா, மாப்பிள்ளை?"

"திருப்புளி போதும், அத்தை" என்றார் அவர், தலை நிமிராமல்.

நான் பையிலிருந்து ஃபியூஸை எடுத்துப் பொருத்தினேன். மேலே தட்டினார்கள், எரிந்தது. கீழே நான் தட்டினேன், அணைந்தது. மறுபடி மேலே, எரிந்தது. நான்கு நிலைகளில் இரண்டில். சரி.

என் மனைவி எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்து, பிசகிய காலை இழுத்து இழுத்து ஏறினாள். பிடிக்கப் போன தம்பியை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். மேலே போய் என்ன சொல்வாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நேராக உள்ளே போய், கட்டி வைத்த பெட்டிகளில் ஒன்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கயிற்று முடிச்சை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். தம்பி மனைவி பக்கத்தில் வந்தாள்.

"அதுல கண்ணாடிச் சாமான் இருக்குக்கா. மெதுவா."

"தெரியுது. அதான் முதல்ல இதைப் பிரிக்கிறேன். நீ அன்னிக்கு துணி வாங்கத்தான் வந்திருந்தியா?"

"ஆமா."

"நான் பார்க்கல. இருட்டு."

தம்பி லாரிக்காரருக்குப் போன் போட வெளியே போனான். மாப்பிள்ளை பெட்டிகளை இருந்த இடத்துக்கே கொண்டுபோக உத்தரவு கேட்டார். மேலே இரண்டு பேரும் ஒரே நேரத்தில், எதையும் தொடாதீர்கள், நாங்கள் சொல்கிற இடத்தில் வைத்தால் போதும் என்றார்கள்.

இன்னும் இருட்டவில்லை. சும்மா எரிகிறதே என்று கீழ்ச் சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தேன். மேலேயிருந்து யாரோ உடனே போட்டார்கள். இரண்டு பேரில் யார் என்று தெரியவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.