பெர்தா மாமியின் வயல்

எங்கள் மேல் வழக்குப் போட்ட வாரமும் சனிக்கிழமை தவறாமல் கசுவோ அண்ணன் சேப்பங்கிழங்கு வாங்கிப்போக வந்தார். எந்த வயலைத் தன்னுடையது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தாரோ, அந்த வயலில் பிடுங்கிய கிழங்கு. ஹருகோ அக்கா நல்ல கிழங்காக ஐந்து பார்த்துப் பையில் போட்டாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கை நீட்டக் கூச்சமா இல்லையா அண்ணே உங்களுக்கு?"

"கேஸ் வேற, கிழங்கு வேற நான்சி," என்று பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பிக்கிற?"

அவர் எங்கள் அப்பாவின் தங்கை மகன். அக்காவுக்கு இரண்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டுப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பலாவுத் தீவுகளை யார் யார் ஆண்டார்கள் என்று தெரிந்துவிடும். அம்மாவைப் பெற்றவளுக்கு ஸ்பானியப் பாதிரியார் வைத்த பெயர் இசபெலா. அம்மா ஜெர்மன்காரன் காலத்தில் பிறந்து பெர்தா ஆனாள். அக்காவும் கசுவோ அண்ணனும் ஜப்பான் பெயர்கள். யுத்தம் முடிந்து அமெரிக்கக் கொடி ஏறியபின் வந்தவள் நான், நான்சி. சுதந்திரம் வந்தபிறகு பிறந்த அக்கா பேத்திக்குத்தான் எங்கள் சொந்த பாஷையில் துராங் என்று வைக்க முடிந்தது. கொடி இத்தனை முறை மாறியும் வயல் மட்டும் தாயிடமிருந்து மகளுக்கு என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

வினை ஜப்பான்காரனின் நிலப்பதிவேட்டில் இருந்தது. முப்பத்தொன்பதில் ஊர் ஊராக வந்து எழுதினார்கள். வயல் யாருடையது என்று அதிகாரி கேட்க, அம்மா என்னுடையது என்றாளாம். அவர் சிரித்துவிட்டு, வீட்டு ஆம்பிளை பெயரைக் கேட்டு அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா மறுத்துப் பேசவில்லை. சேம்பு வயல் பெண்களுடையது என்று ஊரில் யாருக்குத் தெரியாது, வந்தவனுக்குத் தெரியாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஆணின் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைக்குப் போகும் என்பதும் எங்கள் வழக்கம்தானே. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு கசுவோ அண்ணன் வாரிசாகி நின்றார்.

அவராக இதைக் கிளப்பியிருக்க மாட்டார். புதுச் சாலை அந்தப் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு, குவாமில் இருக்கும் மகன் போனில் நச்சரித்தான். வயலை மண் கொட்டித் தூர்த்து வாடகைக் கார் நிறுத்தப் போகிறானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவோ கோர்ட்டுக்கே வரமாட்டேன் என்றாள்.

"ரெண்டு பேரு ஆண்டப்பவும் இந்தச் சேத்துலதான்டி நின்னேன். இப்ப இவனுக்காகக் கால் கழுவிட்டு வரணுமா?"

நிலத்தை நேரில் பார்க்க நீதிபதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவரும் பலாவுக்காரர்தான், வடக்குப் பக்கம். கூட ஒரு குமாஸ்தா, சர்வேயர். எல்லையைக் காட்டும் பெருமையில் கசுவோ அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் நடந்தார். நான் கடைசியில். "மாமா இந்த வயலை உசிரா வச்சிருந்தாருங்க ஐயா," என்று வழியெல்லாம் கதை சொன்னார். அப்பா ஒருநாளும் அந்தச் சேற்றில் கால் வைத்ததில்லை.

பாதை திரும்பும் இடத்தில் ஒரு பாக்கு மரம் உண்டு. அதைத் தாண்டினால் வயல். வெயிலில் சேற்றில் இறங்கும் பெண்கள் மேல்துணியைக் கரையில் போட்டுவிட்டு வேலை செய்வார்கள் என்பதால், எந்த ஆணும் அங்கே நின்று, வயல்காரி பெயரைச் சொல்லிக் குரல் கொடுக்காமல் போகமாட்டான். கசுவோ அண்ணன் பேச்சை நிறுத்தினார். நடையை நிறுத்தினார். நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்ததைச் செய்தார்.

"பெர்தா மாமி வயல்ல யாரு? வரலாமா?"

அம்மா செத்து இருபது வருஷம் ஆகிறது.

"யாரது?" உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"நான்தான் கசுவோ. கூட ஆளுங்க இருக்காங்க."

"நில்லு. துணி கட்டிக்கிறேன்."

நின்றார். நீதிபதியும் நின்றார், குமாஸ்தாவும் சர்வேயரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தவளைகள் மட்டும் கத்தின. நீதிபதி தொண்டையைச் செருமினார்.

"கசுவோ, இது யாரு வயல்னு சொன்னீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். பாக்குச் சாறு இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கியது. "அது... ஐயா... பழக்கம்."

"ஆமா, பழக்கம்தான்," என்ற நீதிபதி குமாஸ்தா பக்கம் திரும்பினார். "கூப்பிட்டதை அப்படியே எழுதிக்க. ஒரு வார்த்தை விடாம."

முதலில் சிரித்தது கசுவோ அண்ணன்தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தனை நாள் மனத்தில் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, நானும் சிரித்துவிட்டேன். மகனிடம் என்ன சொல்லப் போகிறார் என்று நினைத்துப் பாவமாகக்கூட இருந்தது.

தீர்ப்பு வர மாதக்கணக்காகும் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை அக்காவோடு நானும் வயலில் இறங்கியிருந்தேன். சேறு குளிர்ச்சியாக முழங்கால்வரை ஏறியது. பாக்கு மரத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பெர்தா மாமி வயல்ல யாரு? வரலாமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினாள். அவள் துணியெல்லாம் கட்டித்தான் இருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. இலைகளின் சந்து வழியாகப் பார்த்தோம். அவர் இன்னொருமுறை கூப்பிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். மரத்தடியில் உட்கார்ந்து, மடியில் காலிப் பையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பாக்கை எடுத்து நிதானமாகப் பிளக்க ஆரம்பித்தார்.