உட்காரச் சொன்ன கை

கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் இருந்தது என்று யாராவது கேட்டால் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே என்று நினைவு. பனி பெய்துகொண்டிருந்தது என்கிறாள் என் மனைவி. எனக்குப் பனி ஞாபகமில்லை. தரை கல்லாக இறுகிக் கிடந்தது மட்டும் ஞாபகம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்த ஆட்டத்தை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்தது எது, அவர்கள் சொன்னது எது என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. ஒன்றை மட்டும் நானே பார்த்தேன். ஸ்டோடார்டின் கை.

எங்கள் ஊரான ஹார்லன் ஃபெர்ரியில் எஃகு ஆலையின் கடைசி உலை அணைந்த வருஷம் அது. ஊரில் மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலப் பள்ளி ஆட்டம்தான், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். நான் உயர்நிலைப் பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தேன். பள்ளி விட்டபின் வெர்ன் கோவாச்சுக்கு உதவியாள். வெர்ன் தடுப்பு அணியின் பயிற்சியாளர். பந்து நம்மிடம் இருந்தால் ஆட ஒரு கூட்டம், எதிரியிடம் இருந்தால் தடுக்க வேறொரு கூட்டம். அந்த இரண்டாவது கூட்டம் எங்களுடையது. முதல் கூட்டத்துக்கு ராஜா குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்கிறவன். எங்கள் ராஜா டெரெக் ஹாலரன் என்கிற பதினேழு வயதுப் பையன்.

மூன்று வருஷமாக அவன் எங்களை நாக்-அவுட் ஆட்டங்களுக்குக் கொண்டுபோனான். முதல் இரண்டு வருஷமும் அங்கே தோற்றோம். முதல் வருஷம் நாங்கள் தடுக்கவில்லை, அது உண்மை. இரண்டாவது வருஷம் டெரெக் பந்தை மூன்று முறை எதிரியின் கையிலேயே எறிந்தான். ஆனால் ஊர் இரண்டையும் ஒரே மாதிரிதான் ஞாபகம் வைத்துக்கொண்டது: பையன் ஜெயித்துக் கொடுத்தான், தடுப்பு விட்டுக் கொடுத்தது.

வெர்ன் ஆசிரியர் இல்லை. பயிற்சியாளர் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பதவி. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது மருத்துவக் காப்பீடு. அந்தக் கோடையில் அவர் மனைவி லொரெய்னுக்குப் புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் காப்பீடு போகும். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வருஷ ஆட்டத்தின் கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ஆனால் பந்து எங்களிடம், எதிரியின் எல்லைக்கோட்டுக்கு ஏழெட்டு அடி தூரத்தில். கடிகாரத்தை நிறுத்தும் உரிமையை எதிரணி ஏற்கெனவே செலவழித்துவிட்டது. நாங்கள் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. பந்தோடு கீழே உட்கார்ந்துவிட்டால் போதும். நேரம் தானாக ஓடிப்போகும். கடைசி நொடியில் ஒரு சின்ன உதை. மூன்று புள்ளி, ஆட்டம் முடிந்தது. உதைக்கிற பையன் அந்தத் தூரத்தில் அந்த வருஷம் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

தலைமைப் பயிற்சியாளர் ஸ்டோடார்ட் கோட்டோரத்தில் என் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் திருப்பி, நாயை உட்காரச் சொல்வதுபோல இரண்டு முறை கீழே அழுத்திக் காட்டினார். டெரெக் பார்த்தான். தலையை ஆட்டினான். பந்து கைக்கு வந்ததும், எதிரே இருந்தவர்கள் வேண்டுமென்றே விலகிவிட்ட சந்தின் வழியாக ஓடிக் கோட்டைக் கடந்தான். அதுதான் அவர்களுக்கு வேண்டியது: புள்ளி எங்களுக்கு, ஆனால் அடுத்து பந்து அவர்களுக்கு, ஆடுவதற்கு நேரமும் மிச்சம்.

அரங்கம் எழுந்து நின்று கத்தியது. கோட்டைக் கடந்ததற்கு ஆறு, அதோடு வரும் உதைக்கு ஒன்று: ஆறு புள்ளி முன்னிலை. வெர்ன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் கிடந்த எங்கள் பையன்களைப் பார்த்தார்.

"எந்திரிங்கப்பா," என்றார். "இன்னொரு தடவ."

எதிரணி நாலு எறிதலில் மைதானத்தின் முழு நீளத்தையும் தாண்டியது. கடைசி எறிதலில் நீல் டொம்சிக் என்கிற எங்கள் பையன் உறைந்த தரையில் வழுக்கி விழுந்தான். அவன் காவல் காத்த ஆள் தனியாக நின்று பந்தைப் பிடித்தான். அவர்களுக்கும் அதே ஏழு; ஒரு புள்ளியில் தோற்றோம்.

மறுநாள் காலை நான் வெர்ன் வீட்டுக்குப் போனபோது முன்புறப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகள் ஆறேழு நட்டிருந்தன. ராத்திரியில் யாரோ ஊரெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்து இங்கே நட்டிருக்கிறார்கள். தோற்ற பயிற்சியாளருக்கு எங்கள் பக்கத்தில் செய்கிற மரியாதை அது. கம்பளித் தொப்பியோடு லொரெய்ன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்ட், ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு புரோக்கர் நம்பர் இருக்கு," என்றாள் என்னிடம். "எவன் ஜாஸ்தி தர்றான்னு கேட்டுச் சொல்லேன்."

வெர்ன் பலகைகளைப் பிடுங்கிச் சுவரோரமாக அடுக்கினார். நானும் பிடுங்கினேன். தரை இறுகியிருந்ததால் சில வரவில்லை.

"ஸ்டோடார்ட் கை காட்டினத நான் பாத்தேன்," என்றேன். "திங்கக்கெழம ஸ்கூல் கூட்டத்துல சொல்லப்போறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"உக்காரச் சொன்னாங்க, பையன் உக்காரலன்னு."

"ஏன்டா கோட்டத் தாண்டினேன்னு ஒரு பையன எந்த ஊர்ல கேப்பாங்க, ஆர்ட்?" அவர் ஒரு பலகையை முழங்காலில் வைத்து மண்ணைத் தட்டினார். "அவனுக்குப் பதினேழு வயசு. விடு."

"லொரெய்ன்?"

அவர் அடுத்த பலகையைப் பிடுங்கக் குனிந்தார்.

திங்கட்கிழமை பள்ளி நிர்வாகக் குழு உணவுக்கூடத்தில் கூடியது. எங்கள் ஊரில் அப்படித்தான்: யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய் மூன்று நிமிடம் பேசலாம், நேரம் முடிந்தால் மணி அடிக்கும். வெர்னின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைய விஷயம். தலைவர் பர்செல் டயர் கடைக்காரர், நல்ல மனிதர் என்றே இன்றும் சொல்வேன். லொரெய்ன் பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் முடிதிருத்துகிற ஹக் லெம்கே போனார்.

"நான் படிக்காதவன்," என்றார். "ஆனா கூட்டல் கழித்தல் வரும். பையன் கடைசி நிமிஷத்துல முன்னுக்குக் கொண்டாந்து வச்சான். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் புடிச்சு வெக்கத் துப்பில்ல. எங்க வீட்டு வாசக்கதவு இதவிட நல்லா தடுக்கும், அதுக்குத் தாழ்ப்பாளே கெடையாது."

கூடம் சிரித்தது. யாரோ, "கதவுக்கு வேல குடுங்கய்யா!" என்று கத்தினார்கள்.

அடுத்து வெர்ன் போனார். காகிதம் எதுவும் கையில் இல்லை.

"நீல் வழுக்கி விழுந்தான். அந்த எடத்துல தரை பனிக்கட்டி. அங்க நான் நின்னிருந்தா நானும் விழுந்திருப்பேன். அவன் வீட்டுக்குப் போன் பண்ணித் திட்றவங்க நிறுத்திக்கங்க." அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார். மூன்று நிமிடத்தில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அந்த மிச்ச நேரத்தை அவர் பயன்படுத்தியிருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பிறகு டெரெக் எழுந்து வந்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் அப்பா ராய் கையைப் பிடித்து இழுத்தார்; அவன் உதறினான். மைக்கைக் கீழே இறக்கிக்கொள்ளவேண்டியிருந்தது ஹக்குக்கு. இவன் மேலே ஏற்றினான்.

"கோச் ஸ்டோடார்ட் என்ன உக்காரச் சொல்லி கை காட்டினாரு," என்றான். "நான் பாத்தேன். சரின்னு தலையும் ஆட்டினேன். ஆனா உக்காரல. உக்காந்திருந்தா ஜெயிச்சிருப்போம். டிஃபென்ஸ் பசங்க அந்த ஒரு நிமிஷம் ஆடவே வேண்டியிருந்திருக்காது. தப்பு என்னோடது. கோச் கோவாச்ச ஒண்ணும் பண்ணாதீங்க."

வெர்ன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். இதோடு முடிந்தது, லொரெய்னுக்கு மருந்து நிற்காது என்று அந்த நொடியில் நான் நம்பினேன்.

எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஹக் லெம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பர்செல் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினார். "பாருங்க. பெரியவங்க சொமக்க வேண்டியத ஒரு சின்னப் பையன் தோள்ல தூக்கிக்கிறான். இதுக்குப் பேர்தான் தலைவன். ஆனா அவன் சொமக்கிற நெலமைய உண்டாக்கினவங்க வெட்கப்படணும்."

"இல்ல சார்," என்றான் டெரெக். "நான் யாருக்காகவும் சொமக்கல. நடந்ததச் சொல்றேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"சார், கேளுங்க, நான் நெஜமாவே..." மணி அடித்தது. ஒரு பெண் வந்து அவனை அணைத்துக்கொண்டாள்.

நான் மைக்குக்குப் போனேன். "பையன் சொல்றது உண்மை. கை காட்டினத நானும் பாத்தேன்," என்றேன்.

"நீ அவரு ஆளு, உக்காருய்யா!" என்றது ஒரு குரல்.

"ஸ்டோடார்டையே கேளுங்க. இங்கதான உக்காந்திருக்காரு."

பர்செல் அவர் பக்கம் திரும்பினார். "மர்ரே, நீங்க கை காட்டினீங்களா?"

ஸ்டோடார்ட் மேசையில் இருந்த காகிதக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். கோட்டைத் தாண்டாதே என்று சொன்ன பயிற்சியாளரை இந்தக் கூடம் என்ன சொல்லும் என்று அவர் யோசித்திருக்கவேண்டும்.

"அன்னிக்கு நல்ல குளிரு," என்றார் கடைசியில். "கைய ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன். பையன் அப்படி எடுத்துக்கிட்டிருக்கலாம்."

டெரெக் நின்ற இடத்திலிருந்து அவரையே பார்த்தான். அவர் கோப்பையைப் பார்த்தார்.

வெர்னுக்கு எதிராக ஐந்துக்கு இரண்டு என்று வாக்கு விழுந்தது. வெர்னின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது.

வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் டெரெக் எங்கள் பின்னால் ஓடிவந்தான்.

"கோச், நான் சொன்னேன்."

"சொன்ன. கேட்டேன்."

"யாரும் நம்பல."

வெர்ன் லொரெய்னுக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அவள் ஏறாமல் நின்றாள்.

"எனக்கு ஒண்ணு சொல்லு, கண்ணா," என்றாள். "கை காட்டினதப் பாத்தியே, அப்புறம் ஏன் ஓடின?"

அவன் மூச்சு ஆவியாக வந்துகொண்டிருந்தது.

"கோடு தெரிஞ்சுது மேடம். நில்லுன்னு என்கிட்ட அதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "சரி, போ. குளுருது," என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

யார் தப்பு என்று இன்னும் அந்த ஊரில் பேசுகிறார்கள். நானும் பல ராத்திரிகள் யோசித்திருக்கிறேன். பையன் ஓடினான், தடுப்பு உடைந்தது, ஒரு கை தான் சொன்னதை மறுத்தது. எங்கே ஆரம்பித்தாலும் இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டுக் கணக்கை முடிக்க முடிவதில்லை.

லொரெய்னுக்கு ஜனவரியோடு மருந்து நின்றது, ஆகஸ்டில் இறந்தாள். வெர்ன் வீட்டை விற்றுவிட்டு ஒஹையோவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார், பன்னிரண்டு வருஷம் கழித்து அங்கேயே இறந்தார். மறுபடி எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. ஸ்டோடார்ட் பெரிய பள்ளி ஒன்றுக்குப் போய், மரியாதையோடு ஓய்வு பெற்றார். நீல் டொம்சிக் கடற்படையில் சேர்ந்தான், ஊருக்குத் திரும்பவில்லை. டெரெக்கைப் பல்கலைக்கழகம் ஒன்று எடுத்துக்கொண்டது. இரண்டாம் வருஷத்தில் அவனாகவே ஆட்டத்தை விட்டான். இப்போது அரிசோனாவில் நில அளவை செய்கிறான் என்று கேள்வி. பர்செல் இறந்துவிட்டார். நான் வெல்டிங் வகுப்பு மூடப்படும்வரை சொல்லிக்கொடுத்தேன். இப்போது பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருக்கிறேன்.