பல் டாக்டரின் படகு

நாற்பது வருஷம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டர், ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி வந்து வீட்டுப் பின்பக்கம் இறக்கினார். பதினெட்டு அடி நீளம், முழுக்க மரம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சுண்டு விரல் போகும்.

"இது எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"பாரேன், எவ்வளவு அழகான சொத்தை!" என்றார் டாக்டர்.

துணி உலர்த்தும் இடம் பறிபோன கடுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அண்ணன் திறந்தார். ஹோட்டல் நடத்துகிறவர். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாப்பிள்ளை, இதை என் ஹோட்டல் வாசல்ல வெச்சு, மண்ணைக் கொட்டிப் பூச்செடி நட்டா சும்மா ஜம்முனு இருக்கும்" என்றார்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மச்சான், வர்ற ஏப்ரல் முதல் ஞாயிறு இது தண்ணியில மிதக்கும். மிதக்கலேன்னா அன்னைக்கே நீங்க எடுத்துட்டுப் போகலாம்!"

"நான் சாட்சி. மிதக்கலேன்னா என் கையாலேயே தூக்கிக் கொடுக்கறேன், அண்ணா" என்றாள் மனைவி. துணிக்கொடியின் கோபம் அவளைப் பேச வைத்தது.

இடைவெளியைக் கண்டால் அடைப்பது டாக்டருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். கல் மாதிரி இறுகும் பசையை வாங்கி ஒவ்வொரு சந்தாக அடைத்தார், தேய்த்தார், மெருகேற்றினார். நாலு மாதம் ஓடியது. பெருமை தாங்காமல் படகுத் துறையிலிருந்து மேஸ்திரியை அழைத்து வந்து காட்டினார்.

மேஸ்திரி தடவிப் பார்த்தார். "வேலை பிரமாதம், டாக்டர் சார். எல்லாத்தையும் நோண்டி எடுத்துடுங்க."

"என்னது?"

"தண்ணியில இறங்கினா மரம் ஊதும். ஊதுற பலகைக்கு இடம் வேணாமா? உங்க கல்லு நகராது, பலகைதான் பிளக்கும். பஞ்சுத் திரியைத் திணிச்சு மேல இளகின தார்க் கீலைப் பூசணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பல்லு ஊதாது சார். மரம் ஊதும்" என்றும் சேர்த்தார்.

டாக்டர் இரண்டு நாள் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் பரணிலிருந்து கிளினிக்கின் பழைய டிரில்லை இறக்கினார். அடுத்த ஆறு வாரம் தெருவில் போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தம்மையறியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் அதே கிளினிக்கில் அவருக்கு உதவியாளராக இருந்தவள் மனைவி. அவர் டிரில்லைப் பிடித்த கோணத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "தள்ளுங்க, பலகையைப் புண்ணாக்கிடுவீங்க" என்றவள், கடைசிப் பஞ்சுத் திரி திணிக்கும்வரை மேலே போகவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறும் வந்தது. துறையில் படகை இறக்கிய ஐந்தாவது நிமிஷம் எல்லாச் சந்திலிருந்தும் தண்ணீர் பீச்சியடித்தது. டாக்டர் வாளியோடு பாய்ந்தார்.

மேஸ்திரி தடுத்தார். "விடுங்க சார், முழுகட்டும். காய்ஞ்ச படகு ரெண்டு நாள் ஊறினாத்தான் பலகை ஊதித் தானா அடைச்சுக்கும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

"படகு வாங்கினவருக்கு இதுகூடத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

பத்து மணிக்குப் படகு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. வெளியே தெரிந்தது பாய்மரம் மட்டும்தான். பத்தேகாலுக்கு மச்சான் லாரியோடு வந்தார். லாரியில் இரண்டு ஆட்கள், எட்டு மூட்டை மண், ரோஜாக் கன்றுகள்.

"மாப்பிள்ளை, படகு எங்கே?"

டாக்டர் பாய்மரத்தைக் காட்டினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மனைவி முன்னால் வந்தாள். "அண்ணா, சொன்னா சொன்னதுதான். மிதக்கலே. எடுத்துட்டுப் போ."

"எப்படிம்மா? தண்ணிக்குள்ள கிடக்கே!"

"அதோ, அடியிலதான் இருக்கு. பேண்டை மடிச்சு விட்டுட்டு இறங்கு. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்."

மச்சான் தண்ணீரைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் ரோஜாக் கன்றுகளைப் பார்த்தார்கள். "கிரேன் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

"நிஜமாவே கொடுத்துட்டியா?" என்றார் டாக்டர்.

"என் நகத்துல ஏறின கீல் இன்னும் போகலே. கொடுத்துடுவேனா?" என்றாள். "கிரேன் என்னைக்குக் கிடைக்கும்னு முதல்ல விசாரிங்க."

செவ்வாய் மதியம் கிடைக்கும் என்று தெரிந்தது. இரண்டு நாளும் டாக்டர் துறையிலேயே பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய் காலை துறையில் தண்ணீர் வடிந்து படகின் விளிம்பு தெரிந்ததும் மேஸ்திரி பம்ப் வைத்து இறைத்தார். படகு மெல்ல மேலே வந்தது. டாக்டர் உள்ளே மண்டியிட்டு ஒவ்வொரு சந்தாக விரலால் தடவினார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. இந்த முறை நிஜமாகவே அழுதுவிட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கிரேன் உறுமிக்கொண்டு வந்தது. முன்னால் மச்சான். "அட, தானாவே மேல வந்துடுச்சா? வேலை மிச்சம். கொடும்மா!"

படகில் உட்கார்ந்திருந்த மனைவி கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். "ஞாயித்துக்கிழமை கொடுத்தேனே அண்ணா, நீதான் எடுத்துக்கலே. அன்னைக்கேன்னுதானே பேச்சு? இன்னைக்குச் செவ்வாய்."

மச்சான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மனைவி கணவர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? பாயை ஏத்துங்க. அண்ணன் எண்ணி முடிக்கறதுக்குள்ள போயிடலாம்."