கண்ணீர் அஞ்சல்

அம்மாவுக்கு வாய்க்கரிசி போடத் தாட்சாயினி கையில் அரிசியை அள்ளிய நேரம் பார்த்துத்தான் அந்த வான் வேலிப் படலையடியில் வந்து நின்றது. தலைமயிரை ஒட்ட வெட்டிய நான்கு பெடியள் இறங்கி, ஆளுயர மலர்வளையம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"வர வேண்டாமெண்டு சொன்னனான் அக்கா," என்றான் ஈர வேட்டியோடு நின்ற தம்பி கோகுலன்.

அம்மா விமலேஸ்வரி நேற்றுக் காலை வயலால் வந்து, நெஞ்சு நோகுதென்று படுத்தவள், எழும்பவில்லை. மகனுக்குக் கப்பலில் வேலை என்று அக்கராயன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது. கோகுலன் இருப்பது அரசாங்கத்தின் கரையோரக் காவலின் அதிரடிப் பிரிவில். நடுக்கடலில் கயிற்றைப் பிடித்துக் கப்பலில் ஏறுவான். துப்பாக்கியோடு அறை அறையாகப் புகுந்து, குண்டு வைக்க வந்தவனையும் கடத்த வந்தவனையும் தேடுவான். "அதுவும் கப்பல் வேலைதானே பிள்ளை," என்பாள் அம்மா. உண்மையைச் சொல்ல வாய் திறக்க விடமாட்டாள்.

ஊருக்கு அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் ஐயாத்துரைப் பெரியப்பாவுக்குத்தான். அவருடைய ஒரே மகன் பிரதீபன் இயக்கத்தோடு கடலுக்குப் போனவன். கடற்படையோடு நடந்த கடைசிச் சண்டையில் படகும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அப்பா இல்லாத வீட்டில் கொள்ளிக்குடத்தைக் கோகுலனின் தோளில் ஏற்றிவிட வேண்டியவர் பெரியப்பாதான். அவர் தோளில் கிடக்கும் துவாயை உதறிக்கொண்டு எழும்பினால் பாதிச் சனம் கூடவே எழும்பும். அம்மாவைத் தூக்கவும் ஆள் தேட வேண்டி வரும்.

வளையத்தைக் கால்மாட்டில் சாத்தினார்கள். ரிப்பனில் மூன்று மொழியிலும் எழுத்து. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், தமிழை எழுத்துக் கூட்டி உரக்கவே வாசித்தார்.

"கரையோரக் காவல்... அதிரடிப் பிரிவின்... கண்ணீர் அஞ்சல்."

பறைக்காரரும் நிறுத்திவிட்டார்கள்.

"ஆர் தம்பி இதை எழுதினது?"

"நான்தான் ஐயா," என்றான் வந்தவர்களில் இளையவன், சிங்களம் கலந்த தமிழில். "போன்ல பாத்து எழுதினது."

"அஞ்சலி எண்டு வரவேணும். இது தபாலெல்லோ."

பின்னால் யாரோ சிரித்து, இருமி மறைத்தார்கள். அந்தப் பெடியனின் காது சிவந்துவிட்டது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக் கோகுலன் பக்கம் திரும்பினார்.

"கப்பலிலை வேலை எண்டெல்லோ கொம்மா சொன்னவா."

"ஓம் பெரியப்பா."

தாட்சாயினி அரிசியை இறுக்கிப் பிடித்தாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

பெரியப்பா கோகுலனுக்குக் கிட்டப் போனார். பிறகு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கடலுக்கை செத்துக் கிடக்கிறதுகளைக் கண்டா என்ன செய்யிறனியள்?" என்று கேட்டார்.

"எடுத்துக்கொண்டு வருவம், பெரியப்பா."

"ஆரெண்டாலும்?"

"ஆரெண்டாலும்."

அவர் கண்ணாடியை மடித்து மடியில் செருகினார். "பொழுது போகுது, வாயிலை அரிசியைப் போடு பிள்ளை," என்றார் தாட்சாயினியிடம். அவள் போட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பாடையைத் தூக்கினார்கள். பெரியப்பா கொள்ளிக்குடத்தை எடுத்துக் கோகுலனின் இடது தோளில் வைத்தார். பெண்கள் எல்லோரும் படலையோடு நின்றுவிட்டார்கள்.

குடத்தை ஏற்றிவிட்டவர் கையை எடுத்துவிட்டு விலகி நடக்க வேண்டும், அதுதான் முறை. குளக்கட்டுத் திருப்பத்தில் சனம் மறையும்வரை தாட்சாயினி பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியப்பா அந்தக் கையைக் கோகுலனின் தோளிலிருந்து எடுக்கவேயில்லை.