பார்த்ததும் தெரிந்ததும்

ஈஸ்வரி சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிரே பாண்டித்துரை கைகட்டி நின்றான். அண்ணன் முனியசாமியை மிளகாய்க் கொல்லையில் வெட்டிச் சாய்த்தது இவன்தான் என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள். கண்மாய்த் தண்ணீர்த் தகராறில், "ஒன்னைய விடமாட்டேன்டா" என்று இவன் கத்தியதைக் காதாரக் கேட்டவள் அவள்.

ஆனால் வெட்டியதைப் பார்க்கவில்லை. அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனபோது அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஒருவன் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. வேறு சாட்சி இல்லை. அரிவாளும் அகப்படவில்லை.

சற்று முன்பு கோர்ட்டு வராந்தாவில் அண்ணன் பெண்டாட்டி, மதினி ராக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மொகத்தப் பாத்தேன்னு சொல்லு தாயி. அவன்தான்னு நமக்குத் தெரியும்ல?"

"தெரியும் மதினி."

அரசு வக்கீல் கேட்டார்: "ஓடுனது யாரும்மா?"

கடைசி பெஞ்சில் ராக்கு முந்தானையை வாயில் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் மதினி இன்றைக்காவது கண்ணயர்வாள். ஆனால் ஈஸ்வரி எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்தக் காட்டுக்குள் ஓடியவன் முகத்தைத் திருப்பவே மாட்டேன் என்றான்.

"முதுகத்தான் பாத்தேன்யா. மொகத்தப் பாக்கல. ஆனா அவந்தேன்யா, எனக்குத் தெரியும்..."

எதிர்த்தரப்பு வக்கீல் சட்டென்று எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். "பார்த்ததை மட்டும் சொல்லும்மா. தெரிஞ்சதை இங்க சொல்லக் கூடாது."

"அப்ப அம்புட்டுத்தேன்யா," என்றாள்.

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று பாண்டித்துரையை விடுவித்தார்கள். அவன் அண்ணன் தம்பிகள் வாசலில் அவனைக் கட்டிக்கொண்டார்கள். அவனும் அழுதான். அது தப்பித்தவன் அழுகையா, வீணாகப் பழி சுமந்தவன் அழுகையா என்று ஈஸ்வரிக்குப் பிடிபடவில்லை. முதல்முறையாக அவளுக்குள் இவன்தான் என்ற நம்பிக்கை நழுவியது.

சாயல்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ராக்கு கீழேயே நின்றாள்.

"ஏறு மதினி."

"ஒரு வார்த்தைடி. நீ சொல்லியிருந்தா என் நெஞ்சு ஆறியிருக்கும்."

"ஆறியிருக்கும் மதினி. ஒருவேள அவன் இல்லாட்டி?"

பஸ் நகரத் தொடங்கியதும் ராக்கு படியைப் பிடித்து ஏறினாள். எத்தனையோ இடம் காலியாகக் கிடந்தும் ஈஸ்வரிக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டியதும் உப்புக்காற்று அடித்தது. ராக்குவின் முந்தானை பறந்து வந்து ஈஸ்வரியின் முகத்தில் படிந்தது. அவள் அதை விலக்கவில்லை.