தளபதி வந்துபோன புகைபோக்கி

சாவுக்குப் பிறகும் கடமை தவறாத வம்சங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை; அவற்றில் தலையாயது சுலிமா வம்சம். இதை ஊருக்கு அறிவித்தவர் அவ்வம்சத்தின் கடைசி வாரிசும், டிராக்டர் டயர் கடையின் ஓய்வுபெற்ற மேலாளருமான மெடார்ட் சுலிமா.

அவரிடம் ஆதாரம் இருந்தது. சன்னல்களை இறுக மூடி, கூடத்தைச் சூடாக்கும் அடுப்பில் விறகு நன்றாகப் பற்றிக்கொண்டால், மூதாதையான குதிரைப்படைத் தளபதி வந்துவிடுவார். முதலில் சுவருக்குள் மூச்சுச் சத்தம். பிறகு மூலையில் ஒரு நிழல், நிழலுக்கு மீசை. இலையுதிர்காலத்தில் கதவோரம் நின்றவர், பனி விழத் தொடங்கியதும் மெடார்டின் மனைவி ஒத்திலியாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மெடார்டுக்கு அது பெருமையாக இருந்தது.

"உங்க தளபதி வர்ற அன்னைக்கெல்லாம் எனக்கு மண்டை பிளக்குதுங்க," என்றாள் ஒத்திலியா.

"பெரிய மனுஷங்க வந்தா அப்படித்தான் இருக்கும்."

அவள் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யும் ஸெனொனை வரவழைத்தாள். கரி படிந்த அவன் உருவத்தைக் கண்டதும், ஊர் வழக்கப்படி அதிர்ஷ்டத்துக்காகத் தன் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டார் மெடார்ட். அவன் புகைபோக்கியைப் பார்த்துவிட்டுச் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்ளவில்லை.

"ஐயா, சுவருக்குள்ள புகை போற சுடுமண் குழாயெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. விஷக்காத்து வீட்டுக்குள்ள கசியுது. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குழாயை மாத்துற வரைக்கும் அடுப்பைத் தொடாதீங்க. அக்கா கன்னம் திடீர்னு செவந்தா ரசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, வெளிய தூக்கிட்டு ஓடுங்க."

"சுவரை இடிச்சா தளபதி எங்கய்யா போவாரு?"

"எங்கேருந்து வந்தாரோ அங்க."

மெடார்ட் அவனை வெளியே அனுப்பிவைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சொல்லாமல் வரும் விருந்தாளிக்கென்று எல்லா வீடுகளிலும் போல அங்கும் ஒரு காலித் தட்டு, ஒரு காலி நாற்காலி. மெடார்ட் அடுப்பில் விறகை வாரிப் போட்டார். சுவர் மூச்சுவிட்டது.

இம்முறை தளபதி நிற்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தார். கையுறையைக் கழற்றினார்.

"ஏங்க," என்றாள் ஒத்திலியா, கண்ணை மூடியபடி. "யாரோ என் தலையைத் தடவுறாங்க. இதமா இருக்கு. கூப்பிடுறாங்க... போகட்டுமா?"

அவள் கன்னங்கள் கல்யாணத்தன்று இருந்ததுபோலச் சிவந்திருந்தன. மெடார்ட் ரசித்துக்கொண்டிருந்தார். கரண்டி அவள் கையிலிருந்து நழுவி பீட்ரூட் சூப்பில் விழுந்தது. அப்போதுதான் ஸெனொன் சொன்னது ஞாபகம் வந்தது.

வெளியே பேரி மரத்தடிப் பனியில் கிடத்தியதும் அவள் வாந்தியெடுத்தாள். பிறகு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு அவரைத் திட்டினாள். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

பண்டிகை முடிந்ததும் ஸெனொன் வந்தான். பழைய குழாய்கள் கைபட்டதும் பிஸ்கட்டாக உதிர்ந்தன. புதியவற்றைக் கூரையிலிருந்து கயிறு கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இணைப்புகளில் சாந்து பூசினான். சாந்து நன்றாக இறுகிய பிறகு அடுப்பு எரிந்தது. சுவர் மூச்சுவிடவில்லை. ஒத்திலியாவுக்குத் தலை வலிக்கவில்லை. யாரும் வரவில்லை.

தளபதி காவலை ஒப்படைத்துவிட்டு விடைபெற்றார் என்று மெடார்ட் ஊரில் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்று மனைவியைத் தூக்குவதற்கு முன், காலி நாற்காலியின் எதிரே விறைப்பாக நின்று, தளபதியிடம் அனுமதி கேட்டிருந்தார்.